பள்ளிக்கூடமும் நோயாளியின் படுக்கையும்: இந்தியப் பள்ளிகளில் செவிலியக் கல்வி வந்த வழி

1953இல் வெளியான இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கையில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் ஒரு பட்டியல் உண்டு. எல்லா மாணவருக்கும் ஒரே படிப்பு என்ற நிலையை மாற்றிப் பல்நோக்குப் பள்ளிகளை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்த அக்குழு, அப்பள்ளிகளில் கற்பிக்க ஏழு பாடப்பிரிவுகளை வகுத்தது: மானுடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல். மருத்துவத் துறைக்கோ நலவாழ்வுப் பணிகளுக்கோ தனிப் பிரிவு இல்லை. செவிலியம் என்ற சொல் ஓரிடத்தில்தான் தலைகாட்டுகிறது. பெண்களுக்கெனக் கருதப்பட்ட மனையியல் பிரிவின் உட்பாடங்களில் கடைசியாக, இல்ல மேலாண்மையோடு சேர்த்து, வீட்டுச் செவிலியம் என்று அது குறிக்கப்பட்டுள்ளது.

குழுவின் தலைவர் யார் என்பதை நினைத்தால் இது வியப்பளிக்கும். ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் மகப்பேற்று மருத்துவர்; சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்; மகப்பேற்று மருத்துவத்தில் பல தலைமுறை மாணவர் படித்த பாடநூலை எழுதியவர். பயிற்சி பெற்ற கைகள் இல்லாததால் தாயும் சேயும் இறந்ததை அவரளவு நெருங்கிக் கண்டவர் அன்றைய கல்வியாளரிடையே எவரும் இலர். சில ஆண்டுகள் கழித்து, 1959இல், நடுவணரசு அமைத்த நலவாழ்வு ஆய்வு மற்றும் திட்டக் குழுவுக்கும் அவரே தலைவர். அந்தக் குழு செவிலியரை மூன்று நிலைகளாகப் பிரித்தது: பட்டம் பெற்றவர், நான்காண்டுப் பயிற்சி பெறும் அடிப்படைச் செவிலியர், ஈராண்டுப் பயிற்சி பெறும் துணைச் செவிலியர். கல்விக் குழுவும் நலவாழ்வுக் குழுவும் ஒரே மனிதரின் மேசையிலிருந்து அறிக்கைகளாக வெளிவந்தன. ஆயினும் பள்ளியையும் மருத்துவமனையையும் இணைக்கும் வாயில் எதையும் இரண்டும் அமைக்கவில்லை. இதைத் தனி ஒருவரின் மறதி என்று கொள்வது சரியாகாது. நோயாளியைப் பேணுவது பெண்ணின் வீட்டுக் கடமை என்ற எண்ணமும், அது ஊதியத்திற்குரிய தொழில் என்ற எண்ணமும் இந்தியக் கல்விச் சிந்தனையில் ஒன்றையொன்று தொடாமல் நடந்து வந்தன. முதலாவது பள்ளிக்குள் இடம்பெற்றது. இரண்டாவது மருத்துவமனை வளாகத்திலேயே தங்கிவிட்டது.

மருத்துவமனை வளாகத்துக் கதை பழையது. சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சி 1854இலும், அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இலும் தொடங்கின. டெல்லியில் புனித ஸ்டீபன் மருத்துவமனை இந்தியப் பெண்களைச் செவிலியராகப் பயிற்றுவிப்பதில் முன்னோடியாக இருந்தது. 1885இல் டஃபரின் சீமாட்டியின் பெயரால் நிதியம் ஏற்பட்டது. 1918இல் டெல்லியில் நலவாழ்வுப் பார்வையாளருக்கான ரெடிங் சீமாட்டி பள்ளி தோன்றியது. இவற்றில் சேர்ந்த பெண்கள் பள்ளிக் கல்வியை ஓரளவு முடித்தோ முடிக்காமலோ நேரே வார்டுக்குள் நுழைந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும். பிற சமூகங்கள் விலகி நின்றதற்கு வறுமை காரணமன்று. அயலாரின் உடலைத் தொடுவதும், மலம், குருதி, சீழ் ஆகியவற்றைக் கையாளுவதும், இரவில் வீட்டுக்கு வெளியே பணிபுரிவதும் சாதி ஒழுக்கத்துக்கும் பெண்ணொழுக்கத்துக்கும் ஒவ்வாதவையாகக் கருதப்பட்டன. அதே காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் இளையோர் பிரிவும் புனித ஜான் ஆம்புலன்ஸ் வகுப்புகளும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கட்டுப்போடவும் காய்ச்சல் கண்டவரைப் பேணவும் கற்றுக்கொடுத்தன. தன் வீட்டு நோயாளிக்குச் செய்தால் அது சேவை, அயலார்க்குக் கூலி பெற்றுச் செய்தால் இழிவு. இந்தப் பாகுபாட்டைக் கருதாமல் பின்னர் நடந்த எதையும் விளங்கிக்கொள்ள இயலாது.

இதன் விலையை எண்களில் காட்டியது ஜோசப் போர் தலைமையிலான குழு. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த அக்குழுவின் கணக்கில் பிரிட்டிஷ் இந்தியாவில் செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். மருத்துவச்சிகள் 5,000. நலவாழ்வுப் பார்வையாளர் 750. மருத்துவர்களின் நிலை இவ்வளவு மோசமில்லை, 6,300 பேருக்கு ஒருவர். மருத்துவரைவிடச் செவிலியர் பல மடங்கு குறைவாக இருந்த விந்தையான நாடு இது. நோயைக் கண்டறிய ஆள் உண்டு, இரவில் அருகிருந்து பார்க்க ஆள் இல்லை. நடுநிலைப் பள்ளி முடித்தவருக்கு ஒன்றும் மெட்ரிகுலேஷன் தேறியவருக்கு ஒன்றுமாகச் செவிலியத்தில் இரு நிலைகளை அக்குழு முன்மொழிந்தது. பள்ளிப் படிப்பின் அளவே தொழிலின் படிநிலையை முடிவு செய்யும் என்ற கொள்கை இங்கே தெளிவாக எழுத்தில் வருகிறது. அதே 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் இந்தியச் செவிலியக் குழுமச் சட்டம் வந்தது.

பட்டம் பெற்றவர்களால் மட்டும் ஊர்ப்புறங்களை நிரப்ப முடியாது என்பது விரைவில் புரிந்தது. 1951இல் பஞ்சாபின் தரன் தாரனில் உள்ள புனித மேரி மருத்துவமனையில் முதல் துணைச் செவிலிய மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. ஏ.என்.எம். என்ற மூன்றெழுத்து இந்தியக் கிராமங்களுக்குள் நுழைந்தது அப்போதுதான். ஏழு அல்லது எட்டாண்டுப் பள்ளிப் படிப்பு போதும், பயிற்சி ஈராண்டு, அதில் ஒன்பது மாதம் மகப்பேற்றுப் பணி, மூன்று மாதம் ஊர்ப்புற அனுபவம். உயர்நிலைப் பள்ளி எட்டாத உயரமாக இருந்த காலத்தில், அங்கே போகாத பெண்ணுக்காக வகுக்கப்பட்ட பயிற்சி இது. ஏ.என்.எம். என்பவர் பள்ளியிலிருந்து விலகியவர், பள்ளி ஈன்றவர் அல்லர்.

இவ்விரு தடங்களும் ஒரே முறைதான் உண்மையாகச் சந்தித்தன. 1966இல் அறிக்கையளித்த கோத்தாரி குழு, மேனிலை வகுப்புகளில் சேருவோரில் பாதிப்பேர் 1986க்குள் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்றது. 1973இல் கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்களுக்குத் தனித்தனிப் பணியாளர் என்ற முறையைக் கைவிட்டு, 3,000 முதல் 3,500 பேர் கொண்ட மக்கள்தொகைக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பல்நோக்குப் பணியாளரை அமர்த்தச் சொன்னது. முதலாவது கல்வித் துறையின் தேவை, இரண்டாவது நலவாழ்வுத் துறையின் தேவை. இரண்டையும் ஒரே பாடத்திட்டத்தில் தீர்க்க 1977இல் இந்தியச் செவிலியக் குழுமம் முயன்றது. ஏ.என்.எம். பயிற்சி மேனிலைத் தொழிற்கல்வியின் வடிவத்துக்குள் கொண்டுவரப்பட்டது. ஒன்றரை ஆண்டு செவிலியப் பயிற்சி, ஆறு மாதம் பொதுக்கல்வி, சேரும் தகுதி மெட்ரிகுலேஷன். இருபத்து நான்கு மாதப் பயிற்சி பதினெட்டாகச் சுருங்கியது.

தாளில் அழகான தீர்வு இது. பத்தாம் வகுப்பு முடித்த பெண் இரண்டாண்டு கழித்துப் பள்ளிச் சான்றும் தொழிற்பதிவும் ஒருங்கே பெற்று வெளியேறுவாள். நடைமுறையில் சிக்கல் பாடத்திட்டத்தில் இல்லை, இடத்தில் இருந்தது. பிரசவம் பார்க்கக் கற்பதற்குப் பிரசவ அறை வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் மகப்பேறுகளைத் தேர்ந்தவர் மேற்பார்வையில் தானே நிகழ்த்தாமல் ஒருவர் மருத்துவச்சி ஆக முடியாது. பள்ளிக்கூடம் மணியடித்து மூடும் நிறுவனம். பிரசவம் மணி பார்ப்பதில்லை. ஆசிரியர் கல்வித் துறையின் ஊழியர், வார்டு நலவாழ்வுத் துறையின் உடைமை. மாவட்ட மருத்துவமனையின் கண்காணிப்பாளர் யாருடைய மாணவிகளுக்கு முதலிடம் தருவார் என்பதை ஊகிக்கத் தனியறிவு தேவையில்லை. தம் வளாகத்திலேயே செவிலியர் பள்ளி இருந்தால் அதன் மாணவிகளுக்குத்தான். விளைவாக ஏ.என்.எம். பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனை சார்ந்த பள்ளிகளிலேயே நிலைத்தது. மேனிலைப் பள்ளிக்குள் நுழைந்தது அதன் சாயல் கொண்ட வேறொரு படிப்பு. தொழிலின் பெயர் உண்டு, தொழில் உரிமம் இல்லை.

அந்த வேறொரு படிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு பெயர் பூண்டது. தமிழ்நாட்டில் 1978இல் மேனிலைக் கல்வி தொடங்கியதை ஒட்டி வந்த தொழிற்பிரிவுகளில் செவிலியமும் இடம்பெற்றது. கேரளத்தில் 1983–84இல் 19 பள்ளிகளில் தொடங்கிய தொழில்சார் மேனிலைக் கல்வியில் மருத்துவ ஆய்வுக்கூட நுட்பம் போன்ற பிரிவுகளோடு வீட்டுச் செவிலியம் என்றொரு பிரிவும் பின்னர் இருந்தது. முப்பதாண்டுக்கு முன் மனையியலின் கடைசி வரியில் இருந்த அதே சொல் இம்முறை தொழிற்படிப்பின் தலைப்பாகத் திரும்பி வந்தது. உலகெங்கும் மருத்துவமனைகளுக்குச் செவிலியரை அனுப்பிய மாநிலத்தின் பள்ளிகளில் அந்தச் சொல்லே தேர்ந்துகொள்ளப்பட்டது கவனத்திற்குரியது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பட்டியலிலும் துணைச் செவிலியம், எக்ஸ்ரே நுட்பம், கண்மருத்துவ நுட்பம், ஆய்வுக்கூட நுட்பம் என்று வரிசை நீண்டது.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேசையாவின் தலைமையில் 1978இல் மேனிலைக் கல்வியை ஆய்ந்த குழு, செய்து கற்றல் என்ற கருத்தை மையமாக வைத்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கோத்தாரியின் பாதியைக் கைவிட்டு, 1990க்குள் 10 விழுக்காடு, 1995க்குள் 25 விழுக்காடு என்று இலக்கைத் தாழ்த்தியது. 1988இல் நடுவண் நிதியுதவித் திட்டம் வந்தபோது, நலவாழ்வும் துணை மருத்துவமும் ஆறு பெரும் பிரிவுகளில் ஒன்றாக இடம்பெற்றது. 1986இலேயே தொழிற்பழகுநர் சட்டம் திருத்தப்பட்டு, மேனிலைத் தொழிற்கல்வி முடித்தவரும் பழகுநராகச் சேர வழி செய்யப்பட்டது. பின்னர் 1992இல் அந்த இலக்குகளே 1995க்கும் 2000க்கும் தள்ளிவைக்கப்பட்டன. இந்தியக் கல்வி வரலாற்றில் தொழிற்கல்வி இலக்குகள் ஒத்திவைக்கப்படுவதைப் போல் ஒழுங்காக நடந்த நிகழ்ச்சி வேறில்லை.

புதிய அலை 2012இல் அரியானாவின் 40 பள்ளிகளில் தொடங்கிய முன்னோட்டத்துடன் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. தொழிற்பாடம் ஒன்பதாம் வகுப்புக்கே இறங்கியது. போபாலில் உள்ள நடுவண் தொழிற்கல்வி நிறுவனம் பாடநூல்களை எழுதியது. நலவாழ்வுத் துறைக்கு வீட்டு நல உதவியாளர், பொதுப்பணி உதவியாளர் என்ற பணிப்பெயர்கள் வந்தன. பிந்தையதை ஆங்கிலத்தில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று சொல்வதே வழக்கம், சுருக்கமாக ஜி.டி.ஏ.

பாடநூல்களின் உள்ளடக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. கை கழுவும் முறை, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுதல், உடல்வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்தல், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல், சக்கர நாற்காலிக்கு மாற்றுதல், மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலக் கொள்கலங்களில் பிரித்தல் முதலியன எல்லாம் உண்டு. எந்தக் குடும்பத்துக்கும் பயன்படும் அறிவு இது. ஆண் மாணவரும் இதைக் கற்கின்றனர் என்பது மனையியல் காலத்திலிருந்து உண்மையான முன்னேற்றம். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மருத்துவமனை என்பது மருத்துவர், செவிலியர் என்ற இருவரால் மட்டும் ஆனதன்று, பல பணிகளின் தொகுதி என்பதும் தெரியவருகிறது. இந்த அறிமுகத்தின் அளவில் திட்டம் நல்லது.

பணியென்ற அளவில்தான் வரலாறு குறுக்கே நிற்கிறது. இந்திய மருத்துவமனைகளில் மேற்சொன்ன வேலைகளைச் செய்துவந்தவர் யார்? ஆயாக்களும் வார்டு பாய்களும். பயிற்சியும் பதிவும் இன்றி, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்து, தினக்கூலியாகவும் ஒப்பந்தக்காரர் வழியாகவும் மருத்துவமனைகளைத் தாங்கியவர்கள் அவர்கள். ஜி.டி.ஏ. என்ற பெயர் அந்தப் பணிக்குச் சீருடையும் சான்றிதழும் தந்தது. வேலைச் சந்தை ஊதியத்தை நிர்ணயிக்கும்போது சான்றிதழைப் பார்க்கிறதா, பழைய ஆயாவைப் பார்க்கிறதா என்பதே கேள்வி. பயிற்சி பெற்றவரைத்தான் அப்பணியில் அமர்த்த வேண்டும் என்று மருத்துவமனையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாதவரை பழைய ஆயாவின் கூலியே அளவுகோலாக இருக்கும்.

அமெரிக்காவை இங்கு ஒப்பிடுவது பொருந்தும். அங்கே 1987இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் செவிலிய உதவியாளருக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சியையும் திறன் தேர்வையும் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மாநிலமும் அவர்களுக்கெனப் பதிவேடு வைக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர் அந்தப் பயிற்சியைப் பள்ளியிலேயே முடித்துத் தேர்வெழுதுகின்றனர். ஊதியம் அங்கும் சொற்பம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் பயிற்சி பெறாதவரை அந்த வேலையில் தொடர்ந்து வைத்திருக்க முடியாது. இந்தியப் பள்ளி மாணவர் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மணிநேரமும் மேனிலையில் ஏறத்தாழ 300 மணிநேரமும் இப்பாடத்தில் செலவிடுகிறார். நான்கு ஆண்டுகளில் 1,000 மணிநேரம், அமெரிக்கக் குறைந்தபட்ச அளவைப் போல் பதின்மூன்று மடங்கு. பதிவேடு மட்டும் இல்லை.

பதிவேட்டுக்கான முயற்சி வேறு திசையில் சென்றது. 2021இல் இயற்றப்பட்ட துணைநிலை நலவாழ்வுத் தொழிலர் குழுமச் சட்டம் ஆய்வுக்கூட நுட்பர், கதிரியக்க நுட்பர் போன்றோரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. துணைநிலைத் தொழிலராகக் கருதப்படக் குறைந்தது 2,000 மணிநேரப் படிப்பு வேண்டும் என்றது. பள்ளியின் நான்காண்டுகளையும் கூட்டினாலும் அதில் பாதிதான் தேறும். செவிலியத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. அதற்கு 2023இல் தனிச் சட்டம் நிறைவேறியது.

பெருந்தொற்று வந்தபோது இந்த இடைவெளி எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 2021 ஜூனில், இரண்டாம் அலையின் கொடுமைக்குப் பின், ஒரு லட்சம் பேரை விரைவுப் பயிற்சியால் உருவாக்கும் திட்டத்தை நடுவணரசு தொடங்கியது. 26 மாநிலங்களில் 111 மையங்கள், ஆறு பணிகள். அவற்றில் வீட்டுப் பராமரிப்பும் அடிப்படைப் பராமரிப்பும் அடக்கம். பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்த அதே திறன்கள்தாம் இவை. பள்ளியில் அவற்றைக் கற்று வெளியேறியவர் எங்கிருக்கிறார் என்று தேடிப் பார்க்க ஒரு பட்டியல் இருந்திருந்தால் புதிய பயிற்சியின் சுமை சற்றேனும் குறைந்திருக்கும்.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை 50 விழுக்காட்டை மீண்டும் கொண்டுவந்தது. 2025க்குள் பள்ளி, உயர்கல்வி மாணவரில் பாதிப்பேருக்குத் தொழிற்கல்வி என்பது அதன் இலக்கு. கோத்தாரி குழு கேட்டது சேர்க்கை. புதிய கொள்கை கேட்பது அறிமுகம். எண் ஒன்றே என்றாலும் சொல் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைக் கல்வி ஆய்வாளர் இன்னும் போதிய அளவு விவாதிக்கவில்லை. பத்து நாள் பையில்லா வகுப்பில் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்த சிறுவனும், நான்காண்டு நோயாளர் பராமரிப்பைப் படித்த சிறுமியும் இந்தக் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படலாம்.

அந்தச் சிறுமியின் நிலையை உயர்கல்விச் சேர்க்கை விதிகளில் பார்க்கலாம். ஏ.என்.எம். பயிற்சி இப்போது மீண்டும் ஈராண்டாகிவிட்டது. பத்தாம் வகுப்பு போதாது, பன்னிரண்டு வேண்டும். தொழிற்பிரிவில் நலவாழ்வு அறிவியல் படித்தவரை அதற்கும் பொதுச் செவிலியப் பட்டயப் படிப்புக்கும் விதிகள் ஏற்கின்றன. பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அறிவியல் பிரிவு உள்ள பள்ளியில் நலவாழ்வைக் கூடுதல் பாடமாக எடுத்தவருக்கு மூன்று கதவுகளும் திறந்திருக்கும். தம் ஊர் மேனிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவே இல்லாததால் கலைப்பிரிவோடு நலவாழ்வை எடுத்த பெண்ணுக்கு முதல் இரண்டு மட்டும். அவர் நான்கு ஆண்டு படித்துப் பழகிய பாடம், ஏ.என்.எம். பயிற்சியில் சேரும்போது அதன் கால அளவில் ஒரு மாதத்தைக்கூடக் குறைப்பதில்லை. விரிப்பு மாற்றுவதிலிருந்து அவர் மறுபடியும் தொடங்குகிறார்.